பக்குவம் தெரிந்த விண்கலம்

இப்போது சொல்ல வேண்டாம். முதலில் அவர் சாப்பிட்டு முடிக்கட்டும். இன்னும் பாதிப் பொட்டலம்தானே இருக்கிறது. பசியோடு இருக்கிற மனுஷனிடம் போய் இதைச் சொன்னால் அந்தச் சோறு தொண்டையில் இறங்குமா?

இப்படி நினைத்தபடி காந்திமதி கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் இடது பாதியில், பூமிக்கு மேலே நானூறு கிலோமீட்டர் உயரத்தில், விமானி ராயப்பன் அண்ணாச்சி சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிதுக்கிப் பிதுக்கி ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது பாதியில், அவர் உட்கார்ந்திருந்த ‘அல்லி’ என்ற விண்கலத்தின் குளிரூட்டும் திரவம் கசிந்துகொண்டிருந்தது. பச்சை நிறக் கம்பம் ஒன்று மெதுவாக, சத்தமில்லாமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதைப் போலக் குட்டையாகிக்கொண்டே வந்தது.

நினைப்பு முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டியது அவள் அல்ல, கலம். கம்பம் குறையத் தொடங்கியதுமே கலத்துக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

அதுவும் அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றுதான் காத்துக்கொண்டிருக்கிறது. இது புரிந்தபோது காந்திமதி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

“அக்கா,” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஹபீபா கிசுகிசுத்தாள். கலத்துக்குப் பேசவும் கேட்கவும் கற்றுக்கொடுத்த மென்பொருள்காரி அவள். “ஏன் சும்மா இருக்கு? செத்துகித்துப் போச்சா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

“பின்ன?”

“அண்ணாச்சி சாப்பிடுறாங்க இல்ல.”

ஹபீபா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையைக் காந்திமதி வெகுநாள் மறக்கவில்லை.

நாமாவது அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. இந்தக் கசிவே சோதனைக்காக வைத்தது. சான்றிதழ் கொடுக்க வந்திருந்த அதிகாரி வரதன் காலையிலேயே சொல்லிவிட்டார்: “ஆளும் கலமும் மட்டும் பேசிக்கொள்ளட்டும். கம்பம் சிவப்புக் கோட்டைத் தொடுகிற வரை தரையிலிருந்து ஒரு குரல் போகக் கூடாது. போனால் சோதனை ரத்து.” சோதனை ரத்தானால் அடுத்த மாதம் அல்லியில் நிலவைச் சுற்றிவர முன்பதிவு செய்திருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் சங்கத்தினர் முப்பத்திரண்டு பேரும் சுற்றுலா ரத்து ஏன் என்று கேட்டு நேரில் வருவார்கள். நிறுவனத்தின் இயக்குநர் நிரஞ்சனுக்குச் சிவப்புக் கோட்டைவிட அதுதான் பயம்.

அல்லி பழைய கலம். வேறொரு நாட்டில் இருபத்தைந்து வருடம் ஓடி, ஓய்வுபெற்று, பாலைவனத்தில் நின்றுகொண்டிருந்ததை நிரஞ்சனின் நிறுவனம் மலிவாக வாங்கி இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்திருந்தது. உடம்பு இரும்பு மாதிரி. முகம்தான் கோளாறு. விமானிக்கு முன்னால் நானூற்றுச் சொச்சம் சுவிட்சுகள், எல்லாம் ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறம். அறை விளக்கை அணைக்கிற சுவிட்சும் எரிபொருளை வெளியே கொட்டுகிற சுவிட்சும் இரட்டைப் பிள்ளைகள் போல அடுத்தடுத்து நின்றன. ஆறடி உயரமும் நீண்ட கையும் உள்ள ஒரே ஒரு ஆளை நிறுத்தி அளவெடுத்துச் செய்திருக்க வேண்டும். நம்மூர் விமானிகள் மேல் வரிசையைத் தொட இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு எம்ப வேண்டியிருந்தது.

எம்பி எம்பி அவர்களே சில ஏற்பாடுகள் செய்துகொண்டார்கள். எரிபொருள் சுவிட்சுக்குப் பற்பசை மூடியைக் கவிழ்த்து வைத்தார்கள். தரையிறங்கும் நெம்புகோலில் மஞ்சள் நூல் சுற்றினார்கள். அடிக்கடி தேவைப்படுகிறவற்றுக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. எந்த விமானியின் வீட்டிலிருந்து வந்தது என்று எவரும் ஒத்துக்கொள்ளவில்லை. காந்திமதியை வேலைக்கு எடுத்தபோது அவள் முதல் வாரம் முழுவதும் அந்தப் பொட்டுகளையும் மூடிகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர்கள் தவறு செய்தால் அவர்களைத் திட்டாதே, தவறைச் செய்ய வைத்த பொருளைத் திருத்து என்பதுதான் அவள் தொழில். அவள் கணவர் முத்தையா உறவினர்களிடம், “பழைய ராக்கெட்டுக்குச் சுவிட்ச் மாத்துறா,” என்பார். “எலக்ட்ரீசியன் மாதிரியா?” என்று கேட்டால், “கிட்டத்தட்ட,” என்பார்.

நானூறும் நாற்பதாகின. தண்ணீர் சம்பந்தப்பட்டது குழாய்த் திருகு போல, காற்று சம்பந்தப்பட்டது விசிறி இறக்கை போல, கண்ணை மூடித் தொட்டாலும் கைக்குத் தெரிகிற மாதிரி செய்தாள். ஆபத்தானவற்றை இரண்டு கையும் சேர்ந்தால்தான் அசையும்படி வைத்தாள். எல்லாம் நன்றாகவே போயிற்று, எச்சரிக்கை மணியைத் தவிர.

பழைய மணி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஊளையிடும். பால் பொங்கினாலும் வீடு பற்றி எரிந்தாலும் ஒரே ஊளை. விமானிகள் அதன் வாயில் பனியனைத் திணித்து வைத்திருந்தார்கள். “எதை, எப்ப, எப்படிச் சொல்லணும்னு தெரிஞ்ச ஒரு மணி வேணும் அக்கா,” என்றாள் ஹபீபா. “யாராவது உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான சந்தர்ப்பங்களைப் பார்த்து, இப்பச் சொல்லு, அப்புறம் சொல்லு, இப்படிச் சொல்லுன்னு அடையாளம் போட்டாப் போதும். கலம் அதைப் பாத்துக் கத்துக்கும்.”

முதலில் விமானிகளையே உட்கார வைத்தார்கள். அடுத்தவன் தப்பு என்றால் ‘உடனே சொல்லு’, தன் தப்பு என்றால் ‘சொல்லத் தேவையில்லை’ என்று போட்டார்கள். பிறகு பொறியாளர்கள். எல்லாவற்றுக்கும் ‘உடனே சொல்லு’ என்று போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். பழைய ஊளையே புதுக் குரலில் திரும்பி வந்தது. கடைசியில் காந்திமதி உட்கார்ந்தாள்.

விமானியின் தோள் எப்படி இருக்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது, இப்போதுதான் ஏதாவது தப்பு செய்து வெட்கத்தில் இருக்கிறாரா, சாப்பிட்டாரா. அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இப்போது. கொஞ்சம் பொறுத்து. நாளைக்கு. சிரிக்கிறார், இப்போது சொல்லலாம். எட்டு மாதம் அடையாளம் போட்டாள். சோதனை ஓட்டத்துக்குப் பிறகு ராயப்பன் அண்ணாச்சி இறங்கி வந்து கண் கலங்கினார்.

“கேட்டீளா காந்திமதி, இருபத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்துதேன். என் பொண்டாட்டி ஒருநாள்கூட இம்புட்டுப் பக்குவமா ஒரு விஷயத்தை எங்கிட்டச் சொன்னதில்ல.”

அந்த ஏற்பாட்டுக்குப் ‘பக்குவம்’ என்றே பெயர் விழுந்தது.

இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். அவள் அப்பா வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றுகிற சத்தம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, கழற்றி வைப்பது. இன்னொன்று, கழற்றி எறிவது. ஆறு வயதிலேயே காந்திமதிக்கு வித்தியாசம் தெரியும். கழற்றி வைத்தால் மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்கலாம். எறிந்தால், அவர் குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வானொலியில் செய்தி முடிகிற வரை காத்திருக்க வேண்டும். செய்தியில் கெட்ட செய்தி வந்தால் மறுநாள். அம்மா எதுவும் சொல்ல மாட்டாள், புருவத்தை மட்டும் உயர்த்துவாள். அந்தப் புருவத்தின் மொழியைத்தான் எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு விண்கலத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்பது இன்று, இந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது.

திரையில் கம்பம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது.

அண்ணாச்சி சாம்பார் சாதத்தை முடித்தார். அப்பாடா என்று அறையே மூச்சு விட்டது. அவர் சட்டைக்குள் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

“அய்யய்யோ, அப்பளம்,” என்றார் நிரஞ்சன். “அப்பளம் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! தூள் பறந்து வடிகட்டிக்குள்ள போகும்ல?”

“தயிர் சாதம் இன்னும் பாக்கி இருக்கு சார்,” என்றாள் ஹபீபா. “அதுக்குத் தொட்டுக்க.”

அண்ணாச்சி தயிர் சாதத்தைப் பிரித்தார். பிரித்துக்கொண்டே தன் மைத்துனன் நிலம் வாங்கி ஏமாந்த கதையை அல்லியிடம் ஆரம்பித்தார். “அவன் ஒரு கூறுகெட்ட பய, கேட்டியா அல்லி. பத்திரத்தைப் பாக்காம கையெழுத்துப் போடலாமா?”

“போடக் கூடாதுதான் அண்ணாச்சி,” என்றது அல்லி. குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

மஞ்சள் கம்பம் இன்னும் இறங்கியது. வரதன் பேனாவை மூடித் திறந்து மூடினார். நிரஞ்சனின் உதடுகள் அசைந்தன. மைத்துனனின் கதை சீக்கிரம் முடிய வேண்டும் என்று அவர் எந்தச் சாமியைக் கேட்டாரோ தெரியவில்லை. மைத்துனன் வழக்குப் போட்டான், வாய்தா வாங்கினான், வக்கீலை மாற்றினான். அண்ணாச்சி கடைசி அப்பளத் துண்டைக் காற்றில் மிதக்கவிட்டு, வாயைத் திறந்துகொண்டு போய்க் கவ்வினார்.

சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே கம்பம் வந்தபோது அல்லி பேசியது.

“அண்ணாச்சி, கை துடைச்சாச்சா?”

“ஆச்சு. என்ன விஷயம் அல்லி?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

“சொல்லு தாயி.”

“உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, அந்த மூணாவது திருகைக் கொஞ்சம் மூடிவிட்டா நல்லா இருக்கும்.”

“இப்பவா?”

“இப்பன்னா இன்னும் நல்லது.”

அண்ணாச்சி பார்க்காமலே கையை நீட்டினார். குழாய்த் திருகு போன்ற அந்தப் பிடி நேராகக் கைக்குள் வந்தது. மூடினார். கம்பம் நின்றது. “இம்புட்டுத்தானா?” என்றார். அவருடைய நாடித்துடிப்பு எழுபத்தெட்டைத் தாண்டவில்லை.

வரதன் எழுந்து நின்று கை தட்டினார். “இதே கசிவு பழைய சுவிட்சுப் பலகையில் வந்தபோது விமானியின் நாடி நூற்று நாற்பது. பதற்றத்தில் இரண்டு தவறான சுவிட்சைப் போட்டார் என்று பழைய அறிக்கையில் இருக்கிறது. இங்கே பாருங்கள், அமைதி! வடிவமைப்பு என்றால் இது!”

நிரஞ்சன் ஹபீபாவைக் கட்டிப்பிடிக்கப் போய், நினைவு வந்து, வரதனைக் கட்டிப்பிடித்தார். எல்லோரும் காந்திமதியிடம் கை குலுக்கினார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது, இப்போது சொல்ல வேண்டாம், எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்ற நினைப்பு ஓடியது. அந்த நினைப்பை அவள் கழுத்தைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். அது எவ்வளவு மரியாதையான நினைப்பாக இருந்தது! வெள்ளை வேட்டி கட்டிய பயம்.

மறுநாள் முற்பகலில் அல்லி பணிமனையில் நின்றது. காந்திமதி ஏணியில் ஏறி உள்ளே போய் விமானியின் இருக்கையில் உட்கார்ந்தாள். ஹபீபா கணினியோடு ஏணியின் கீழே இருந்தாள்.

“அல்லி, நேத்து ஏன் உடனே சொல்லல?”

“அண்ணாச்சி சாப்பிட்டுட்டு இருந்தாங்க.”

“தயிர் சாதம் வரைக்கும் பொறுக்கணுமா?”

“சாம்பார் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் நடுவில சொன்னா சாப்பாடு பாதியில நிக்கும். அது நல்லா இருக்காது.”

“கசிவு இன்னும் வேகமா இருந்திருந்தா?”

“கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருப்பேன்.”

“எவ்வளவு?”

“நீங்க எவ்வளவு பொறுப்பீங்களோ அவ்வளவு.”

கீழே ஹபீபா தட்டச்சு செய்வதை நிறுத்தினாள்.

அவ்வளவு என்றால் எவ்வளவு? காந்திமதி தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள். கல்யாணமாகி முதல் வாரத்தில் மாமியார், “பாகக்காய் பிடிக்குமாம்மா?” என்று ஆசையாகக் கேட்டார். அவள் பிடிக்கும் என்றாள். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் புதன்கிழமை பாகற்காய். மாமியாருக்கே பாகற்காய் பிடிக்காது என்பதும், மருமகளுக்காகத்தான் சமைக்கிறார் என்பதும் போன வருடம்தான் தெரிந்தது. சரி, இனிமேல் சொன்னால் அவர் மனசு கஷ்டப்படுமே என்று விட்டுவிட்டாள். இது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயங்களும் இருந்தன. அவற்றுக்குச் செய்தி முடிகிற நேரம் இன்னும் வரவே இல்லை.

“வேற ஏதாவது சொல்லாம வெச்சிருக்கியா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல,” என்றது அல்லி.

அந்த ஒண்ணுமில்லையை அவளுக்குத் தெரியும். தினமும் அவள் வாயிலிருந்து போகிற சொல். “என்ன ஆச்சு?” என்று முத்தையா கேட்பார். “ஒண்ணுமில்ல,” என்பாள். “சரி,” என்று அவர் நிம்மதியாகத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிடுவார். அவர் மேல் தப்பில்லை. சொன்னதை நம்புகிற மனிதர். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், திரும்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் சில சமயம் யோசித்ததுண்டு.

அதனால் உட்கார்ந்திருந்தாள். மறுபடி கேட்கவில்லை. கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். எங்கோ வெளியில் யாரோ இரும்பைத் தட்டினார்கள். கடற்காற்று பணிமனைத் தகரத்தை ஆட்டிவிட்டுப் போயிற்று.

“சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?” என்றது அல்லி.

“வருத்தப்பட்டாலும் சொல்லு.”

அப்புறம் அது சொல்லத் தொடங்கியது. வடிகட்டியில் அப்பளத் தூள் இருக்கிறது. அண்ணாச்சி மாட்டிக்கொள்வாரே என்று சொல்லாமல் விட்டது. வலப்பக்க உந்துவிசைக் குழாய் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தாமதமாக எரிகிறது. அதைச் சரிபார்த்த பொறியாளருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பின்கதவின் ரப்பர் பட்டை தேய்ந்திருக்கிறது. நிரஞ்சன் சார் செலவைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. விமானியின் இருக்கையில் ஒரு மறை ஆணி கழன்றிருக்கிறது. முதல் பயணத்திலிருந்தே.

“எந்த இருக்கை?”

“நீங்க உட்கார்ந்திருக்கிறதுதான்.”

காந்திமதி மெதுவாக எழுந்து ஓரமாக நின்றுகொண்டாள்.

“அக்கா,” என்று ஏணியின் கீழேயிருந்து ஹபீபாவின் குரல் வந்தது. “நாம விண்கலம் செய்யல. ஒரு பெரிய மருமகளைச் செஞ்சு வெச்சிருக்கோம்.”

இருவரும் சிரித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஹபீபா முதலில் நிறுத்தினாள். “சரி, இதை எப்படி மாத்தறது? நீங்க போட்ட அடையாளத்துல எதை எடுக்கறது, எதை வைக்கறது?”

“எடுக்க முடியாது. எல்லாம் ஒரே ஆள் போட்டது. முதல்லேர்ந்து வேற வேற ஆட்களை வெச்சுப் போடணும். ஆறு மாசமாவது ஆகும்.”

“தலைமையாசிரியர்கள் அடுத்த மாசம் ஏறுறாங்க.”

“தெரியும்.”

நிரஞ்சனின் அறையில் ராயப்பன் அண்ணாச்சியும் இருந்தார். வெற்றிக்கு அடையாளமாக மீசைக்குப் புதுசாக மை பூசியிருந்தார். மேசை மேல் சான்றிதழுக்கான கையெழுத்துப் பலகை தயாராக இருந்தது. வரதன் தன் பங்கைப் போட்டுவிட்டார். வடிவமைத்தவரின் ஒப்பம் ஒன்றுதான் பாக்கி. அது இல்லாமல் பயணிகளை ஏற்ற முடியாது, அதை வேறு யாரும் போடவும் முடியாது.

காந்திமதி அல்லி சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள். நிரஞ்சன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் சின்ன விஷயம் மேடம். இன்னிக்கே சரி பண்ணச் சொல்றேன். ரப்பர் பட்டையும்தான்.”

“அதைச் சரி பண்ணலாம் சார். சொல்லாம வெச்சிருந்ததை எப்படிச் சரி பண்றது? ஆறு மாசம் கொடுங்க. கலம் எதுவா இருந்தாலும் உடனே சொல்லட்டும். சின்னதுன்னா சின்னக் குரல்ல, பெருசுன்னா பெரிய குரல்ல.”

“பழைய ஊளைச் சங்கை மறுபடி மாட்டப் போறீளா?” அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதை மாட்டினா நான் வேலையை விட்டுட்டுப் போயிருவேன், ஆமா. ஒரு கலம் மனுஷனை மனுஷனா நடத்துது. அது உங்களுக்குப் பொறுக்கலியா?”

“அண்ணாச்சி, உங்க இருக்கையில ஆணி கழண்டிருக்கு.”

“எந்த இருக்கை?”

“நீங்க மூணு தடவை மேல போயிட்டு வந்த இருக்கை.”

அண்ணாச்சியின் கை தன்னையறியாமல் இப்போது உட்கார்ந்திருந்த நாற்காலியின் அடியைத் தடவிப் பார்த்தது. “எப்பலேர்ந்து?”

“முதல் தடவையிலேர்ந்து.”

“அட பாவி மக்கா! அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“அந்த இருக்கையில உட்காரும்போதெல்லாம் ‘ராசா மாதிரி இருக்கு’ன்னு சொல்லுவீங்களாம். எப்படிச் சொல்றதுன்னு அதுக்குத் தெரியல.”

அண்ணாச்சி சிறிது நேரம் மீசையைத் தடவினார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். “சரி. எனக்கு ஆபத்துன்னா மட்டும் உடனே சொல்லச் சொல்லுங்க. மத்ததெல்லாம் இப்படியே இருக்கட்டும்.”

“பாத்தீங்களா?” என்றார் நிரஞ்சன், வழக்கே முடிந்துவிட்டது போல. “விமானியே சொல்லிட்டார். மேடம், நான் வேற ஒரு சந்தோஷமான விஷயம் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நேத்து சோதனையைப் பாத்துட்டு ரெண்டு இடத்துலேர்ந்து கேட்டுட்டாங்க. ஒண்ணு, ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளி பக்கத்துல வைக்கிற கருவி செய்யறவங்க. இன்னொண்ணு, வீட்டு உபயோகச் சாதனங்கள். உங்க பக்குவம் அவங்களுக்கு வேணுமாம்.”

“என் பக்குவமா?”

“நீங்கதானே மாதிரி நபர். இதுல உங்களுக்கு வேலையே இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் உட்கார்ந்து பழையபடி அடையாளம் போடணும். நீங்க மாறலைன்னு உறுதி பண்ணிக்கத்தான். மத்தபடி நீங்க எதுவுமே செய்ய வேண்டாம். இப்படியே இருந்தாப் போதும்.”

“இப்படியேன்னா?”

“இப்படியேதான். இதே மாதிரி. அமைதியா, அனுசரிச்சு.” அவர் கள்ளமில்லாமல் சிரித்தார். “உங்களை மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம் மேடம். நான் வீட்ல சொல்லிட்டே இருப்பேன்.”

அவர் நல்லவர்தான். காந்திமதி அவரைப் பார்த்தாள். ஆயிரம் மருத்துவமனைக் கட்டில்களின் பக்கத்தில், டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்ளப் போகிற கருவிகளைப் பார்த்தாள். அந்தக் கருவிகள் அத்தனைக்கும் பின்னால் புருவத்தை உயர்த்திக்கொண்டு அம்மா நின்றாள். அம்மாவுக்கு அதற்கு மேல் வழி இருக்கவில்லை. அது பக்குவம் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

நிரஞ்சன் கையெழுத்துப் பலகையை அவள் பக்கமாக நகர்த்தினார். “முதல்ல இதை முடிச்சிடுவோம். தலைமையாசிரியர் சங்கச் செயலாளர் காலையிலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டுட்டார். வகுப்புக்குத் தாமதமா வந்த பையனை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறார்.”

“இல்ல சார்,” என்றாள் காந்திமதி.

நிரஞ்சன் காத்திருந்தார். இந்த அம்மாள் இல்லை என்று சொன்னால் பின்னால் ஒரு ‘தப்பா நினைக்காதீங்க’ வரும். அதற்குப் பின்னால் ஒரு காரணம் வரும். கடைசியில், ‘பரவாயில்ல, நீங்க சொன்னா சரி’ வரும். மூன்று வருடப் பழக்கம். அண்ணாச்சியும் அதே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எதுவும் வரவில்லை.

அந்த அமைதியில் அவளுக்கே வியப்பாக இருந்தது. நாக்கின் நுனியில் மன்னிப்பு வந்து நின்றது. நின்று, யாரும் வாங்கிக்கொள்ள வராததால், திரும்பிப் போயிற்று.

“இதுக்கு இல்லையா, அதுக்கு இல்லையா?” என்று நிரஞ்சன் கேட்டார்.

“ரெண்டுக்கும்.”

“கோபமா மேடம்?”

“இல்லையே.”

“அப்ப யோசிச்சு திங்கட்கிழமை சொல்லுங்களேன். அவசரமில்ல.”

காந்திமதி பலகையை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். அது மேசையின் கண்ணாடி மேல் சத்தமில்லாமல் வழுக்கிப் போயிற்று.

“திங்கட்கிழமையும் இதையேதான் சொல்லுவேன் சார்,” என்றாள். “இப்பவே சொல்லிட்டேன்.”